மதிலுக்கு அந்தப் பக்கம் கஞ்சித் தொட்டி

போன வாரம் நான் உங்கள் கண்ட்ரோல் ரூமுக்கு வந்திருந்தபோது நல்ல உபசாரம். ஏ.சி.க்கு நேராக நாற்காலி, தட்டில் பிஸ்கட், "ஐயா அந்தக் காலத்துலயே ஹைட்ரஜன் எடுத்தவரு" என்று ஓர் அறிமுகம். உச்சி குளிர்ந்து போய் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்துக்குள் ஓர் அலாரம் மூன்று தடவை கத்தியது. மூன்று தடவையும் உங்களில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி அதை அமுக்கினார். என்ன அலாரம் என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லீங்க ஐயா. மேகம் மறைச்சா சோலார் கரண்ட் எறங்கும். எறங்குனா ஆக்ஸிஜன் பக்கம் கொஞ்சம் ஹைட்ரஜன் கலக்கும். மெஷின் சும்மா கத்தும். மேகம் போனா சரியாயிடும்."

சும்மா கத்துகிறதாம். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சர்க்கரைக்காரக் கிழவன் என்று நினைத்துக்கொண்டு பாத்ரூம் இருக்கும் பக்கம் கை காட்டினீர்கள். அது சர்க்கரை இல்லை, பயம். அந்த இடத்திலேயே நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன், நீங்களும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். திட்டு காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும், நானும் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. நான் செய்த தப்பும், அதனால் செத்திருக்க வேண்டியவர்களும்தான் இருக்கிறார்கள்.

இன்றைக்கு நீங்கள் 'பச்சை ஹைட்ரஜன்' என்று போர்டு போட்டு, அமைச்சரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டுகிறீர்கள். நாங்கள் எழுபதுகளில் அதை வெறும் 'வாயு' என்போம். நன்னிலம் பக்கம் ஓர் எண்ணெய் ஆலை. ரைஸ் மில்லில் இருந்து வரும் தவிட்டெண்ணெயைக் கெட்டியாக்கி சோப்புக் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். கெட்டியாக்க ஹைட்ரஜன் வேண்டும். வாயுக்கூடம் என்று தனியாக ஒரு கட்டடம். அதில் தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டால் ஒரு குழாயில் ஹைட்ரஜன், இன்னொரு குழாயில் ஆக்ஸிஜன். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் கரண்ட் உண்டு, கரண்ட் இருந்தால் வாயு உண்டு. ஆக்ஸிஜனைக் கூரைக்கு மேலே காற்றில் விட்டுவிடுவோம். ஹைட்ரஜன் முற்றத்தில் இருக்கும் பெரிய வாயுத் தொட்டிக்குப் போகும். தண்ணீரில் கவிழ்த்த இரும்பு அண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயு ஏற ஏற அண்டா மேலே எழும்பும். பிரிந்திருக்கும்வரை இரண்டு வாயுவும் நல்ல பிள்ளைகள். ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

அந்த ஆலையின் முதலாளி எங்கள் ஊர் மிராசுதார். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பாதி நிலம் பினாமி பேருக்குப் போயிற்று, மீதிக்கு மதில் கட்டி ஆலை எழும்பிற்று என்று ஊரில் பேச்சு. கோட்டையில் ஆட்சி மாறிவிட்டது, கூலி ஏறும் என்று நம்பியிருந்த ஜனங்களுக்கு வயலில் ஒன்றும் மாறவில்லை. என் அப்பாவும் அம்மாவும் அவர் வயலில் வேலை பார்த்தவர்கள். நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அந்த ஆலைக்கே எலக்ட்ரீஷியனாகப் போனேன். என் தெருவில் இருந்து பேண்ட் போட்டுக்கொண்டு அந்த கேட்டுக்குள் நுழைந்த முதல் ஆள் நான்.

மூன்றாம் வருஷம் குறுவை அறுப்பு நேரத்தில் கூலிப் போராட்டம் வந்தது. அறுக்க மாட்டோம் என்று எங்கள் தெரு உட்கார்ந்துவிட்டது. வெளியூர் ஆட்களை இறக்குவேன் என்றார் மிராசுதார். வேலைநிறுத்தம் என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி ஊர்ப் பொதுவில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். யார் வீட்டில் என்ன இருக்கிறதோ, குருணையோ கேழ்வரகோ, கொண்டுவந்து ஒரே அண்டாவில் கொட்டி எல்லாருக்கும் ஒரே கஞ்சி. அதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? முதலாளி கண்ணில் படட்டும் என்று, ஆலையின் தெற்கு மதிலை ஒட்டிய புறம்போக்கில் வைத்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வாயுத் தொட்டி. அந்தப் பக்கம் மூன்று கல்லடுப்பு, கருவைக் கட்டை, காலை முதல் சாயங்காலம் வரை நெருப்பு.

கஞ்சி காய்ச்சியது என் அக்கா பவுனம்மாள். அம்மா செத்தபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள், ஐ.டி.ஐ.க்கு அனுப்பியவள். போராட்டம் தொடங்கிய அன்று நான் வேலைக்குப் போனேன் என்று, "மிராசு வாசல்ல கைகட்டி நிக்கிறவன் என் வாசப்படி ஏற வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், பேச்சு நின்றது.

ஆலைக்குள்ளேயும் எனக்கு நிம்மதி இல்லை. மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க தெருக்காரங்க வெளிய கஞ்சி காய்ச்சுறாங்க. நீ உள்ள ஆமை மாதிரி வேலை பாக்குற. ரெண்டும் ஒண்ணா வேறயா?" என்பார். அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் ஓடி ஓடி வேலை பார்த்தேன். என்னை நாசக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது. அந்த அவசரம்தான் முதல் தப்பு. வேலையில் வேகம் எதற்காக வருகிறது என்று ஒரு தடவையாவது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு சூறைக்காற்று. மின்கம்பங்கள் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. சும்மா இருப்பானேன் என்று நான் வாயுக்கூடத்து போர்டைக் கழற்றித் துடைத்து, மீட்டர்களைத் திரும்ப மாட்டினேன். கூரை ஒழுகியதால் மோட்டார்மேல் ஒரு சாக்கையும் போட்டு மூடினேன். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது.

எங்களுக்கு உங்களைப்போல் ரெக்டிஃபையர் கிடையாது. ஒரு பெரிய மோட்டார் சுற்றும், அது ஒரு டைனமோவைச் சுற்றும், டைனமோ தரும் கரண்ட் தண்ணீருக்குள் போகும். மோட்டார் திசை மாறிச் சுற்றினால் தண்ணீருக்குள் போகும் கரண்டும் திசை மாறிவிடும். கம்பத்தைத் திரும்ப நட்ட லைன்மேன் வெளியே இரண்டு கம்பிகளை மாற்றிக் கட்டிவிட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சுவிட்சைப் போட்டேன். மீட்டர் முள் வலது பக்கம் போவதற்குப் பதிலாக இடது பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டெல்டாவில் எலக்ட்ரீஷியன் வேலை என்றால் பம்புசெட். நான் நன்னிலத்தில் இருந்து கீழ்வேளூர் வரை எத்தனையோ பம்புசெட் பார்த்தவன். மோட்டார் தலைகீழாகச் சுற்றித் தண்ணீர் வரவில்லையா? இரண்டு ஒயரை மாற்றிப் போடு. தண்ணீர் கொட்டும், விவசாயி கும்பிடு போடுவார், நான் டீ குடித்துவிட்டுக் கிளம்புவேன். எங்கள் ஊரில் எந்தக் கோளாறுக்கும் அதுதான் முதல் வைத்தியம். தண்ணீர் வந்துவிட்டால் அதற்குமேல் யாரும் எதையும் யோசிப்பதில்லை.

முள் இடதுபக்கம் போனதும் என் கை தானாக அந்த வைத்தியத்துக்குப் போயிற்று. நேற்று மீட்டரை மாட்டியவன் நான்தானே, ஒயரை மாற்றி மாட்டியிருப்பேன் என்று முடிவு கட்டினேன். மீட்டருக்குப் பின்னால் இருந்த இரண்டு சின்ன ஒயர்களை மாற்றிப் போட்டேன். முள் சமர்த்தாக வலதுபக்கம் போயிற்று. மோட்டார் மேல் சுற்ற வேண்டிய திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும். அது நான் போட்ட சாக்குக்குக் கீழே இருந்தது. சாக்கைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் பார்க்கவில்லை.

கரண்ட் நிற்காமல் தலைகீழாகவே ஓடியது. முள்ளை மட்டும் நான் திருப்பிவைத்திருந்தேன்.

இரண்டாவது தப்பும் உடனே வந்தது. எங்கள் ஃபோர்மன் ஒரு விதி வைத்திருந்தார்: நின்ற பிளாண்டைத் திரும்ப ஓட்டினால் முதலில் வரும் வாயுவைத் தொட்டிக்கு விடக் கூடாது, வெளியே விடு, கெமிஸ்ட் பார்த்து சரி சொன்ன பிறகு தொட்டிக்குத் திருப்பு. அன்று மேனேஜர் கதவருகில் நின்று, "எண்ணெய் காத்துக் கெடக்குது, இன்னும் என்ன பூசை?" என்றார். ஃபோர்மன் என்னைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நான் வால்வைத் தொட்டிக்குத் திருப்பினேன்.

ஒன்பது மணி தாண்டியதும் கெமிஸ்ட் பாய் வந்தார். நாகப்பட்டினத்துக்காரர். தம்பிகள் எல்லாரும் வளைகுடாவில், இவர் மட்டும் கண்ணாடிக் குழாய்களோடு எங்கள் ஆலையில். வாயுவைக் குழாயில் பிடித்து ஒரு மருந்து வழியே விடுவார். அதில் கலந்திருக்கும் ஆக்ஸிஜனை மருந்து குடித்துவிடும், அந்த அளவுக்குத் தண்ணீர் ஏறும். வழக்கமாக ஒரு நூல் ஏறும். அன்று அவர் குழாயைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்குள் வந்தார். ஓடவில்லை. மெல்ல, தூங்கும் குழந்தையைத் தாண்டி நடப்பதுபோல் நடந்து வந்தார். தண்ணீர் விரற்கடைக்கும் மேலே ஏறி நின்றது.

"தம்பி, மூணு தடவ பாத்துட்டேன். தொட்டிக்குள்ள ஆக்ஸிஜன் போயிருக்கு" என்றார். "எப்படிப் போச்சுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

அல்லாவுக்கு அடுத்தபடி எனக்குத் தெரியும். அவர் சொன்ன அந்த நொடியில் தெரிந்துவிட்டது. சாக்கைத் தூக்கினேன். மோட்டார் அம்புக்குறிக்கு எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக ஆக்ஸிஜனைத் தொட்டிக்கும், ஹைட்ரஜனைக் கூரை வழியாக அக்காவின் அடுப்புப் புகைக்கு மேலேயும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிளாண்டை நிறுத்தினோம். ஃபோர்மன் வந்தார். அவரிடம் நான் சொன்னேன். சொல்லும்போதே என் மனசுக்குள் இன்னொருவன் பேசிக்கொண்டிருந்தான்: சொல்லாதே, போராட்ட நேரம், உன் தெரு எந்தத் தெரு என்று பார், ரோட்டு முனையில் போலீஸ் வேன் நிற்கிறது, வேண்டுமென்றே செய்தான் என்று எழுதினால் உன் வாழ்க்கை முடிந்தது. அவனை மீறி எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. லைன்மேன் மேல் பழி போட ஒரு வாக்கியம் தொண்டைவரைக்கும் வந்தது. மதிலுக்கு மேலே புகை தெரிந்தது. அதைப் பார்த்ததும் உண்மை வந்துவிட்டது.

ஃபோர்மன் திட்டவில்லை. குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். அதில் லாடம் அடித்திருந்தது, சிமெண்டில் உரசினால் பொறி வரும். எல்லாரையும் கழற்றச் சொன்னார்.

தொட்டியில் இருப்பதை வெளியேற்றியாக வேண்டும். வெளியேற்றும் குழாயோ தெற்கு மதிலை ஒட்டித்தான் நின்றது. காற்று வடக்கில் இருந்து, நேரே கஞ்சித் தொட்டியைப் பார்த்து வீசியது. குழாயைத் திறந்தால் வாயு அடுப்புக்குப் போகும், நெருப்பு அதே வழியாக வாயுத் தொட்டிக்குத் திரும்பி வரும். திறக்காமல் வைத்திருந்தாலும், தொட்டியின் பழைய தையலில் கசிவு உண்டு என்று எங்களுக்குத் தெரியும். கருவைக் கட்டை வெடித்து ஒரு பொறி மதிலைத் தாண்டினால் போதும். முதலில் அடுப்பு அணைய வேண்டும், ஜனங்கள் விலக வேண்டும்.

மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. "வெடிக்கும் கிடிக்கும்னு யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. பேப்பர்ல வந்தா ஆலைய மூடிடுவான். போலீஸ் வேன் நிக்குதுல்ல, ரெண்டு தட்டு தட்டி விரட்டச் சொல்றேன்" என்றார்.

"சார், லத்தி எறங்குனா கல்லு வரும். கல்லு இந்த இரும்புத் தொட்டி மேல விழும்" என்றார் ஃபோர்மன்.

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அப்புறம், "சரி, கலெக்டர் வர்றாருன்னு சொல்லுங்க" என்றார்.

ஃபோர்மன் என்னிடம் திரும்பினார். "நான் போனா முதலாளி ஆளு. சார் போனா போலீஸ். நீ போ. என்ன சொல்லணும்னு உனக்கே தெரியும்."

தெற்கு மதிலில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு போனேன். என் தெருவே அங்கே உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் அலுமினியத் தட்டோடு வரிசையில். மூன்று அடுப்பும் திகுதிகுவென்று எரிந்தன. அக்கா துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, அடுப்ப அணைக்கணும்."

"மிராசு சொல்லி அனுப்புனாரா?" என்றார் ஒருவர். "நேத்து போலீஸ்காரன் சொன்னான். இன்னைக்கு நம்ம வீட்டுப் புள்ளையவே அனுப்பிட்டாரு, பாத்தியா." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கலெக்டர் பொய் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் கலெக்டர் வந்தால் நல்லது, அவர் முன்னாலேயே காய்ச்சுவோம் என்று இன்னும் நாலு கட்டையைச் செருகியிருப்பார்கள். வெடிக்கும் என்று சொல்லவும் பயம். எங்கள் பக்கத்துத் தெருக்களில் நெருப்பு என்ற பேச்சை யாரும் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள். மிராசுதார் தரப்பில் இருந்து வந்தவன் வாயில் நெருப்பு என்று வந்தால் அது மிரட்டல். எங்கள் குடிசைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றுதான் கேட்பார்கள்.

அக்காவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அக்கா, உள்ள வாயுத் தொட்டி கெட்டுப் போச்சு. ஒரு பொறி பட்டா வெடிச்சிரும். மதிலு நிக்காது. யாரும் கெடுக்கல, நான்தான் கெடுத்தேன். காலைல அவசரத்துல மீட்டர் ஒயர மாத்திப் போட்டுட்டேன். இத உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு."

துடுப்பு நின்றது. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். என் வெறுங்காலையும் பார்த்தாள்.

"நாங்க போயிடுறோம். நீ எங்க இருப்ப?"

"உள்ள. வாயுவத் தொறந்து விடணும்."

"நீதான் தொறக்கணுமா?"

"நான்தானக்கா கெடுத்தேன்."

அவள் எழுந்தாள். பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டு, அண்டாவின் காதில் துணியைச் சுற்றி, இரண்டு பேருமாக அதை அப்படியே அடுப்பின் மேல் சாய்த்தார்கள். அத்தனை பேரின் ஒரே வேளைச் சோறு அது. ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. "ஏய், பவுனு, என்ன பண்ற!" என்று ஒரு கிழவர் கத்தினார்.

"எந்திரிங்க. வாய்க்கால் சேத்த அள்ளி மத்த ரெண்டு அடுப்புலயும் அப்புங்க. பீடிய அணைங்க. தீப்பெட்டி எல்லாம் எங்கிட்ட குடுங்க, ஒண்ணு பாக்கி இருக்கக் கூடாது." வாங்கி வாங்கி முந்தானையில் முடிந்தாள். "ஏன்னு அப்புறம் சொல்றேன். என் தம்பி சொல்லிட்டான். நடங்க."

ஓடச் சொன்னேன். அப்போதுதான் ஒன்று நடந்தது. விலகிப் போக வேண்டிய பக்கம் முழுக்க மிராசுதாரின் குறுவை. அறுக்க மாட்டோம் என்று இவர்கள் நிறுத்தி வைத்திருந்த அதே பயிர், கதிர் முற்றிச் சாய்ந்து நின்றது. நேராக வயலில் இறங்கி ஓடினால் கொஞ்ச நேரத்தில் தப்பிவிடலாம். ஒருத்தரும் இறங்கவில்லை. ஒற்றையடி வரப்பில், ஒருவர் பின் ஒருவராக, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். "வயல்ல எறங்குங்க, எறங்கி ஓடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தக் கிழவர் திரும்பி, "கதிர மிதிக்கச் சொல்றியாடா?" என்றார். அதுவரை என் பேச்சைக் கேட்டவர்கள் அதை மட்டும் கேட்கவில்லை. அந்த வரிசை வரப்பைக் கடந்து முடிக்கும்வரை நான் மதிலோரம் நின்று பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான வரிசையை நான் பார்த்ததில்லை.

அதற்குள் ஃபோர்மன் போலீஸ் வேன் பக்கம் போய்ப் பேசியிருந்தார். அங்கே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர் அதை வாய்க்காலில் எறிந்தார், ஸ்டார்ட் செய்தால் பொறி வரும் என்று வேனை எல்லாருமாகத் தள்ளிக்கொண்டே போனார்கள் என்று பிறகு சொன்னார்கள். சிரிக்க முடிந்தது அப்புறம்தான்.

வெளியேற்றும் வால்வை நானும் ஃபோர்மனும் பொறி பறக்காத பித்தளைச் சாவி போட்டுத் திறந்தோம். சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டோம், அது எதற்கும் உதவாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வாயுத் தொட்டியின் அண்டா நூல் நூலாக இறங்கியது. வேகமாகத் திறந்தால் குழாயின் உரசலே பொறி. மெதுவாக விட்டால் நேரம் போகிறது. சொறிந்துகொள்ளக்கூட பயம். அண்டா எங்கேயாவது சிக்கி இரும்பும் இரும்பும் உரசினால் முடிந்தது என்று அது உருண்டு இறங்கும் ஓரச் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காக்கை வந்து அண்டா மேல் உட்கார்ந்தது. அதன் நகம் இரும்பில் பட்ட சத்தம் கேட்டு ஃபோர்மன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில், கையிருப்பில் இருந்த நாலு சிலிண்டர் நைட்ரஜனையும் உள்ளே விட்டுக் கழுவினோம். ஒன்றும் நடக்கவில்லை. நம் தொழிலில் கிடைக்கக்கூடிய பெரிய பரிசு அதுதான். அதற்கு யாரும் சால்வை போட மாட்டார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் மேனேஜர் லாக் புத்தகத்தில் 'நாசவேலை என்று சந்தேகம்' என எழுதச் சொன்னார். ஃபோர்மன் பேனாவை வாங்கி, மீட்டர் ஒயர் தவறாக மாற்றப்பட்டது என்று எழுதி, அதற்குக் கீழே, 'முதல் வாயுவைச் சோதிக்காமல் தொட்டிக்கு விட்டபோது நான் தடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டாவது வரியை எழுதும்படி அவரை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் நான் ஜெயிலுக்குப் போகாமல் உங்கள் ஏ.சி. ரூமில் பிஸ்கட் தின்றேன்.

அதற்கு முன்னால் நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

மூன்று மணி சுமாருக்குக் கெமிஸ்ட் பாய் தொட்டியைச் சோதித்தார், மதிலோரம் சோதித்தார், அடுப்பு இருந்த இடத்திலும் சோதித்தார். சுத்தம் என்றார். வெளியே வந்தேன். ஜனங்கள் அதே வரப்பு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். யார் வீட்டிலோ மிச்சம் இருந்த குருணையைத் தேடிக் கொண்டுவந்திருந்தார்கள். சேற்றை வழித்துவிட்டு அடுப்பைக் கூட்டி, கட்டையை அடுக்கி, அண்டாவில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள்.

"இப்ப பத்த வைக்கலாமா?" என்றாள் அக்கா.

காலையில் முள் வலதுபக்கம் போனபோதும் எனக்கு சரி என்றுதான் தோன்றியது. "இரு அக்கா, இன்னொரு தடவ பாக்கச் சொல்றேன்" என்றேன். பாய் முணுமுணுக்காமல் இன்னொரு தடவை பார்த்தார். சுத்தம். திரும்பவும் அக்கா கேட்டாள். திரும்பவும் இரு அக்கா என்றேன். மூன்றாவது தடவையும் பாய் குழாயை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். தண்ணீர் ஒரு நூல்கூட ஏறவில்லை. பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள், எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"பத்த வைக்கலாம்" என்றேன்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அத்தனை தீப்பெட்டியில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயே பத்த வை."

கோபமாகச் சொல்லவில்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவள் குரலில் கோபமே இல்லை. நான் அடுப்பின் முன்னால் குந்தினேன். தள்ளிப் போ அக்கா என்றேன். அவள் தள்ளிப் போகவில்லை. என் தோளோடு தோள் ஒட்டி அவளும் குந்தினாள். முதல் குச்சி ஈரம், மருந்து உதிர்ந்துவிட்டது. இரண்டாவது உடைந்தது.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலே எத்தனையோ ஆலைகளில் 'பாதுகாப்பானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுக்கும் முன்னால் அந்தத் தீப்பெட்டி என் கையில் இருக்கும். நீங்கள் மூன்று தடவை அமுக்கினீர்களே அந்த அலாரம், அதற்கு நேரே உங்கள் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு டீக்கடை இருக்கிறது. அன்று உள்ளே வரும் முன் அங்கேதான் டீ குடித்தேன். அந்த அம்மாவின் ஸ்டவ் காலை நாலு மணிக்குப் பற்றுமாம், ராத்திரி ஒன்பதுக்குத்தான் அணையுமாம். நாளைக்கு அங்கே போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள். நின்றுகொண்டு, அது சும்மாதான் கத்துகிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா பாருங்கள்.

மூன்றாவது குச்சி பற்றியது. சருகில் வைத்தேன். சருகில் இருந்து சுள்ளிக்கும், சுள்ளியில் இருந்து கட்டைக்கும் ஏறியது. அக்கா அசையவில்லை. கஞ்சி கொதிக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை நானும் எழுந்திருக்கவில்லை.